சாதிச் சான்று ஓரிடம், மாற்றுத்திறன் சான்று வேறிடம்: செண்பகத்தோப்பு மாற்றுத்திறனாளிகளுக்கு யார் துணை?

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது செண்பகத்தோப்பு. 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும், 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காட்டின் நுழைவாயில் அது. அங்கே பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு இருக்கிறது. அதற்குக் கீழே, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டங்களின் சமவெளியில், வயல் கூலியையும் நூற்பாலைகளையும் பட்டாசு ஆலைகளையும் நம்பி வாழும் தலித் குடியிருப்புகள் பரவியுள்ளன. இந்த மக்களிடையே ஒருவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால், அவருக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமைகள் எவை? அவற்றைப் பெற்றுத்தர யார் துணை நிற்க வேண்டும்? இவ்விரு கேள்விகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளின் எண்ணிக்கை 2.68 கோடி. தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 11.8 லட்சம். பட்டியல் சாதியினரிடையே மாற்றுத்திறனாளிகளின் விகிதம் 2.45 விழுக்காடு, பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத பிறரிடையே 2.18 விழுக்காடு. உடலை வருத்தும் ஆபத்தான தொழில், ஊட்டக்குறைவு, தொலைவிலுள்ள மருத்துவம் ஆகியவை யாருடைய பங்காக இருக்கின்றன என்பதை அறிந்தவர்களுக்கு இந்த இடைவெளி வியப்பளிக்காது. பழங்குடியினரிடையே பதிவான விகிதம் 2.05 விழுக்காடு. குறைபாடு கண்டறியப்படுவதும் பதிவாவதுமே அரிதாக உள்ள மலைக் குடியிருப்புகளை நினைவில் வைத்தே இந்த எண்ணை வாசிக்க வேண்டும்.

ஆலோசனையும் பிரதிநிதித்துவமும்

ஒருவருக்கு என்ன உரிமை உண்டு, எந்த அலுவலகத்தில் எந்த மனுவைத் தர வேண்டும், எத்தனை நாளில் பதில் வரவேண்டும் என்று சொல்வது ஆலோசனை. மனு மறுக்கப்படும்போது அவரோடு போய் நிற்பதும், மேல்முறையீடு எழுதுவதும், விசாரணையில் அவர் சார்பாகப் பேசுவதும் பிரதிநிதித்துவம். நமது ஊர்களில் முதலாவது ஓரளவேனும் கிடைக்கிறது. இரண்டாவது பெரும்பாலும் கிடைப்பதில்லை. முகாம்களில் துண்டறிக்கை வழங்கப்படுகிறது. அதை வாங்கிச் சென்றவரின் மனு ஆறு மாதம் கழித்துத் திருப்பி அனுப்பப்படும்போது உடன் வர ஆள் இருப்பதில்லை.

உலக அனுபவமும் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது என்பதையே காட்டுகிறது. இங்கிலாந்தில் 1939இல், போர் தொடங்கிய நாட்களில், பொதுமக்களுக்கான ஆலோசனை மையங்கள் திறக்கப்பட்டன. அமெரிக்காவின் பெர்க்லி நகரில் 1972இல் எட் ராபர்ட்ஸ் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் தங்களுக்கான சுதந்திர வாழ்வு மையத்தை நிறுவினார்கள். மாற்றுத்திறனாளிக்கு மாற்றுத்திறனாளியே ஆலோசகராக இருப்பது அந்த மையத்தின் அடிப்படை. அண்ணல் அம்பேத்கர் வலியுறுத்திய பிரதிநிதித்துவக் கோட்பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதிய சிந்தனை அல்ல. பாதிக்கப்பட்டவர்களின் குரலை மற்றவர்கள் இரவல் வாங்கிப் பேசுவது போதாது என்பதே இரண்டு இயக்கங்களின் நிலைப்பாடும்.

இலவச சட்ட உதவி: மூன்று வழிகளில் உரிமை

சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987இன் 12ஆவது பிரிவு, கட்டணமின்றிச் சட்ட உதவி பெற உரியவர்களைப் பட்டியலிடுகிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஒரு வகை. பெண்களும் குழந்தைகளும் ஒரு வகை. மாற்றுத்திறனாளிகள் தனி வகை. ஆகவே செண்பகத்தோப்பில் வாழும் மாற்றுத்திறனாளியான ஒரு பளியர் பெண்ணுக்கு இந்த உரிமை மூன்று வழிகளில் உண்டு. இந்த வகையினருக்கு வருமான வரம்பு கிடையாது. எனவே வருமானச் சான்று இல்லை என்று அவர்களது விண்ணப்பத்தைத் தள்ளிவிட முடியாது.

இவ்வட்டாரத்திற்கு இதில் ஒரு சாதகம் உண்டு. விருதுநகர் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் இருந்தாலும், மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் அங்கேயே இயங்குகிறது. அதாவது வழக்கறிஞரைக் கேட்டுப் பெறும் இடம் செண்பகத்தோப்புக்கு அருகிலும், ஓய்வூதியம், உதவி உபகரணம் போன்றவற்றை முடிவு செய்யும் மாவட்ட அலுவலகங்கள் தொலைவிலும் உள்ளன. நாடு தழுவிய சட்ட உதவி எண் 15100.

சட்ட உதவி என்பது வழக்கு நடத்துவது மட்டுமே என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மனு எழுதுவது, சட்ட அறிவிப்பு அனுப்புவது, தீர்ப்பாயங்களிலும் அதிகார அமைப்புகளிலும் முன்னிலையாவது ஆகியனவும் அதில் அடங்கும். ஆணைக்குழுவின் கீழ் பணிபுரியும் சட்டத் தன்னார்வலர்களின் கடமையே மக்களுக்கும் இந்த அமைப்புக்கும் இடையே பாலமாக இருப்பதுதான். செண்பகத்தோப்புக்கென ஒரு பளியர் இளைஞரும், சமவெளிக் குடியிருப்புகளுக்கென ஒரு தலித் மாற்றுத்திறனாளியும் தன்னார்வலர்களாகப் பயிற்சி பெற்றால், தொலைவு பாதியாகக் குறையும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 இதற்கு இன்னும் வலுச் சேர்க்கிறது. 2017 ஏப்ரல் 19 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அதன் 12ஆவது பிரிவு, நீதிமன்றத்தையும் பிற அதிகார அமைப்புகளையும் பாகுபாடின்றி அணுகும் உரிமையை உறுதி செய்கிறது. சாட்சியத்தையும் வாதத்தையும் அவரவர் விரும்பும் மொழியிலும் தொடர்பு முறையிலும் பதிவு செய்ய ஏற்பாடு வேண்டும் என்கிறது. செவித்திறன் குறைந்தவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது சலுகை கோருவதாகாது. இந்தப் பிரிவின்கீழ் அது உரிமை.

முதல் போராட்டம் சான்றிதழில்

எந்த உரிமையும் காகிதத்தில்தான் தொடங்குகிறது. பட்டியல் சாதிச் சான்றை வட்டாட்சியர் தருகிறார். பழங்குடிச் சான்றைத் தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் நிலையில் உள்ளவர் தர வேண்டும். மாற்றுத்திறன் சான்றை அரசு மருத்துவமனையின் மருத்துவர் குழு தருகிறது. அதன் அடிப்படையில் நாடு முழுதும் செல்லும் தனித்துவ அடையாள அட்டை வழங்கப்படுகிறது. மூன்றும் மூன்று துறைகள். ஒரு துறையின் கோப்பு மற்றொன்றைப் பார்ப்பதில்லை. நடக்க முடியாதவரும் பார்வையற்றவரும் இந்த மூன்று படிகளையும் தனித்தனியே ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு பயணத்திலும் உடன் வருபவரின் ஒரு நாள் கூலியும் போகிறது.

சான்றிதழில் எழுதப்படும் விழுக்காடு வாழ்க்கையை மாற்றும் எண். 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான ஒதுக்கீடுகளும் திட்டங்களும் கிடைக்கும். ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்திற்கு 80 விழுக்காடு வேண்டும். மதிப்பீடு தவறு என்று கருதுபவருக்கு 59ஆவது பிரிவு மேல்முறையீட்டு உரிமை தருகிறது. ஆனால் மருத்துவர் எழுதியது இறுதி என்று நம்பித் திரும்பிவிடுபவர்களே அதிகம். உள்ளூர் ஆலோசகர் ஒருவர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள பணிகளுள் ஒன்று, 35 அல்லது 38 விழுக்காடு என்று எழுதப்பட்ட ஒவ்வொரு சான்றையும் இரண்டாம் முறை பார்க்கச் செய்வது. பட்டாசு ஆலைத் தீக்காயத்தில் விரல்களும் மூட்டுகளும் இறுகி இயக்கம் இழந்தவர்களும் இயக்கக் குறைபாட்டின்கீழ் மதிப்பீடு கோரலாம் என்பது இவ்வட்டாரத்தில் தனியே சொல்லப்பட வேண்டிய செய்தி.

ஓய்வூதியமும் நிலமும்

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கடும் பாதிப்புள்ளவர்கள், அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள், தசைச்சிதைவு நோய்க்கு ஆளானவர்கள், தொழுநோயால் பாதிக்கப்பட்டவர்கள் போன்றோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை வழங்கப்படுகிறது. முன்னது வருவாய்த் துறை வழியாகவும் பின்னது மாற்றுத்திறனாளிகள் நலத் துறை வழியாகவும் வருகிறது. இரண்டாவதற்குத் தகுதியுள்ளவர், விவரம் தெரியாமல் முதலாவதற்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பது ஆலோசனை இல்லாமையின் நேரடி விளைவு.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24ஆவது பிரிவு, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்களுக்குத் தரப்படுவதைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக மாற்றுத்திறனாளிகளுக்குத் தரவேண்டும் என்கிறது. முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய் என்றால் 1,500 ரூபாய் என்பது இந்தப் பிரிவு விதிக்கும் குறைந்தபட்ச அளவே. முதியோர் ஓய்வூதியம் உயரும்போதெல்லாம் இதுவும் உயர வேண்டும் என்று கேட்க இந்தப் பிரிவே போதும்.

37ஆவது பிரிவு தலித், பழங்குடி இயக்கங்கள் கூர்ந்து கவனிக்க வேண்டியது. விளைநிலம், வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் 5 விழுக்காட்டை மாற்றுத்திறனாளிகளுக்கு, பெண்களுக்கு உரிய முன்னுரிமையுடன், ஒதுக்க வேண்டும் என்று அது ஆணையிடுகிறது. வீட்டுமனைப் பட்டா கேட்டு நாம் நடத்தும் எத்தனை போராட்டங்களில் இந்த 5 விழுக்காட்டை மனுவில் எழுதியிருக்கிறோம்? நிலமற்ற தலித் குடும்பத்தின் மாற்றுத்திறனாளி மகளை அக்குடும்பத்தின் சுமையாகவே கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கிறோம். தன் பெயரில் பட்டா பெறும் உரிமையுள்ளவராக அவரைக் காண்பதில்லை. செண்பகத்தோப்பு போன்ற காட்டோரக் குடியிருப்புகளில் வன உரிமைச் சட்டம், 2006இன்கீழ் உரிமை கோரும்போதும் இதே கேள்வி எழுகிறது. கிராம சபைக் கூட்டத்திற்கு வர இயலாதவரின் அனுபோக உரிமை யார் பெயரில் பதிவாகிறது என்பதைக் கவனிக்க ஆள் வேண்டும்.

ஒரே இழிசொல், இரண்டு சட்டங்கள்

சாதிப் பெயரையும் உடற்குறையையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துத் திட்டுவது நம் தெருக்களில் புதிதல்ல. அந்த ஒரு வாக்கியம் இரண்டு சட்டங்களை மீறுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989இன் 3(1)(ஆர்) பிரிவு, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைத் தண்டிக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளியை அதேபோல் இழிவுபடுத்துவதைத் தண்டிக்கிறது. இரண்டிலும் தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும். முதல் தகவல் அறிக்கையில் இரண்டு பிரிவுகளும் சேர்க்கப்பட வேண்டும். புகார் எழுதுபவர் ஒன்றை மட்டும் எழுதினால் மற்றொன்று வழக்கின் இறுதிவரை காணாமல் போகும்.

வன்கொடுமையின் விளைவாக ஒருவர் மாற்றுத்திறனாளி ஆக்கப்படும்போது விழுக்காடு மீண்டும் முக்கியமாகிறது. 2016இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, முழுமையான செயலிழப்புக்கு 8,25,000 ரூபாயும், 50 விழுக்காட்டிற்கு மேல் ஆனால் முழுமையடையாத செயலிழப்புக்கு 4,50,000 ரூபாயும், 50 விழுக்காட்டிற்குக் கீழ் 2,50,000 ரூபாயும் தீருதவி. மருத்துவ அறிக்கையில் ஓரிரு விழுக்காடு குறைந்தால் இரண்டு லட்சம் ரூபாய் குறையும். இதே சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டவர் தொண்டு நிறுவனங்கள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் துணையைப் பெறலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. உடன் வந்தவரைக் காவல் நிலைய வாசலில் நிறுத்திவைக்கும்போது எடுத்துக்காட்ட வேண்டிய பிரிவு இது. வன்கொடுமைப் புகார்களுக்கான தேசிய உதவி எண் 14566.

பட்டன் ஜமால் வலி வழக்கு சொல்லும் பாடம்

முதல் வாக்குமூலத்திலேயே இரு அடையாளங்களும் பதிவாக வேண்டும் என்பதற்கு இந்தியச் சட்ட வரலாற்றில் மிகத் தெளிவான சான்று, பட்டன் ஜமால் வலி எதிர் ஆந்திரப் பிரதேச அரசு வழக்கு. பட்டியல் சாதியைச் சேர்ந்த, பிறவியிலேயே பார்வையற்ற இளம்பெண் 2011 மார்ச் மாதத்தில் பாலியல் வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டார். குற்றவாளி அவரது சகோதரர்களுக்குப் பழக்கமானவன். விசாரணை நீதிமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கீழும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் ஆயுள் தண்டனை விதித்தது. உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

உச்சநீதிமன்றம் 2021 ஏப்ரல் 27 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதி டி.ஒய். சந்திரசூட் எழுதிய அத்தீர்ப்பு சாதி, பால், மாற்றுத்திறன் ஆகியவை ஒன்றையொன்று ஊடுருவி ஒரு பெண்ணின் மீது தனித்தன்மையான ஒடுக்குமுறையை உருவாக்குவதை விரிவாக ஆராய்ந்தது. பார்வையற்றவர் குரலை வைத்து ஒருவரை அடையாளம் காண்பது குறைந்த மதிப்புள்ள சாட்சியம் ஆகாது என்று உறுதிப்படுத்தியது. நீதிபதிகளுக்கும் காவல்துறைக்கும் பயிற்சி, மொழிபெயர்ப்பாளர்கள், சிறப்பாசிரியர்கள் ஆகியோரின் பட்டியல், குற்றப் பதிவுகளில் மாற்றுத்திறன் குறித்த தனிப் புள்ளிவிவரம் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. வன்புணர்வுக்கான ஆயுள் தண்டனையும் உறுதியானது.

ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனை நீக்கப்பட்டது. குற்றம் நிகழ்ந்த காலத்தில் இருந்த 3(2)(5) பிரிவின்படி, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் ‘என்ற காரணத்தால்’ குற்றம் இழைக்கப்பட்டதாக நிறுவ வேண்டும். அதற்கான தனிச் சாட்சியத்தை அரசுத் தரப்பு முன்வைக்கவில்லை. ஒடுக்குமுறைகளின் பின்னலை அவ்வளவு நுட்பமாக விளக்கிய தீர்ப்பே, கோப்பில் இல்லாத சாட்சியத்தை உருவாக்க முடியாமல் நின்றது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம், பாதிக்கப்பட்டவரின் சாதியை ‘அறிந்தே’ குற்றம் செய்திருந்தால் போதும் என்று மாற்றிவிட்டது. அந்த அறிதலைக்கூட யாரேனும் ஒருவர் வாக்குமூலத்தில் பதிவு செய்தாக வேண்டும். குற்றவாளி ஒரே ஊரா, குடும்பத்தை அறிவானா, எத்தனை ஆண்டுப் பழக்கம் என்ற சாதாரணக் கேள்விகளை முதல் நாளே கேட்டு எழுதவைக்கும் ஒருவர் உடன் இருப்பதுதான் பிரதிநிதித்துவத்தின் பயன்.

இந்த முதல் நாளுக்கென்றே சட்டத்தில் பாதுகாப்புகள் உண்டு. பாலியல் குற்றத்திற்கு ஆளான பெண் மாற்றுத்திறனாளியாக இருந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆவது பிரிவின்படி, அவரது வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ காவல் அதிகாரி சென்று புகாரைப் பதிவு செய்ய வேண்டும். மொழிபெயர்ப்பாளரோ சிறப்பாசிரியரோ உடனிருக்க வேண்டும். அது காணொளியாகவும் பதிவாக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 7ஆவது பிரிவு, வன்முறைப் புகாரைப் பெறும் காவல் அதிகாரி இலவச சட்ட உதவி பற்றியும், அருகில் மாற்றுத்திறனாளிகளுக்காகப் பணிபுரியும் அமைப்பு பற்றியும் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. அருகில் அப்படி ஓர் அமைப்பு இருந்தால்தானே தெரிவிக்க முடியும்?

யார் இருக்கிறார்கள்?

தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைப் போராட்டத்திற்குக் குறைவில்லை. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம், டிசம்பர் 3 இயக்கம் ஆகியவை ஓய்வூதியம், வேலைவாய்ப்பு, அணுகல் வசதி ஆகியவற்றுக்காகத் தெருவில் நின்று போராடுகின்றன. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் 1981இல் எஸ். இராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமம் சார்ந்த மறுவாழ்வுப் பணிக்கு நாடறிந்த எடுத்துக்காட்டு. உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழ்நாடு அரசு நடத்தும் ‘உரிமைகள்’ திட்டம், ‘விழுதுகள்’ மையங்கள் வழியாகச் சிகிச்சையையும் மறுவாழ்வுச் சேவைகளையும் வட்டார அளவுக்குக் கொண்டுவருகிறது. மறுபுறம், மதுரையிலிருந்து இயங்கும் எவிடென்ஸ், மக்கள் கண்காணிப்பகம் போன்ற அமைப்புகள் சாதி வன்கொடுமைகளையும் மனித உரிமை மீறல்களையும் ஆவணப்படுத்துகின்றன.

இவை இரண்டு தனித்தனி நீரோட்டங்கள். மாற்றுத்திறனாளிகள் நலனுக்கான கோரிக்கைப் பட்டியலில் சாதி அரிதாகவே இடம்பெறுகிறது. தலித் இயக்கங்களின் மேடைகளுக்குச் சாய்தளம் இருப்பதில்லை. கூட்டங்களில் சைகை மொழிபெயர்ப்பு இருப்பதில்லை. இரு பக்கமும் இருப்பவர் இரு பக்கமும் பாதி ஆளாகவே கணக்கில் வருகிறார்.

உள்ளாட்சியில் ஓர் இருக்கை

2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்கும் திருத்தங்களை நிறைவேற்றியது. 12,913 ஊராட்சிகள், 388 ஊராட்சி ஒன்றியங்கள், 37 மாவட்ட ஊராட்சிகள் ஆகியவற்றில் தலா ஒருவரும், நகர்ப்புற அமைப்புகளில் ஏறத்தாழ 650 பேரும் இடம்பெறுவார்கள் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. நகர்ப்புற அமைப்புகளுக்கான விண்ணப்பங்கள் 2025 ஜூலையில் பெறப்பட்டன. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் நகராட்சிகளும் இதில் அடங்கும். விருதுநகர் உள்ளிட்ட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்றே முடிந்துவிட்டதால், கிராம ஊராட்சிகளில் இந்த உரிமை அடுத்த தேர்தலைச் சார்ந்ததாயிற்று.

இந்த நியமனம் வரவேற்கத்தக்கது. எனினும் நியமனம் என்னும் முறை, ஏற்கெனவே அலுவலகங்களோடு தொடர்புள்ளவரையே தேர்ந்தெடுக்கும் இயல்புடையது. ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அப்படிப்பட்ட பகுதியிலேயே நியமன உறுப்பினர்களுள் தலித், பழங்குடி, பெண் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்பது பொதுவெளியில் கேட்கப்பட வேண்டிய கேள்வி. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுவே இதற்குப் போதும். எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கேட்பதை எழுத்தில் பதிவு செய்ய உதவும் கடமை பொதுத் தகவல் அலுவலருக்கு உண்டு என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

செய்யக்கூடியவை

செண்பகத்தோப்பையும் சுற்றுக் குடியிருப்புகளையும் மையமாக வைத்து ஓர் ஆலோசனை மேசை தொடங்கப் பெரிய நிதி தேவையில்லை. மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் பின்வரும் பணிகளை உடனே மேற்கொள்ளலாம்.

முதலாவது, ஒவ்வொரு குடியிருப்பிலும் மாற்றுத்திறனாளிகளின் பட்டியலைத் தயாரித்தல். சாதிச் சான்று, மாற்றுத்திறன் சான்று, அடையாள அட்டை, ஓய்வூதியம், பட்டா ஆகிய ஐந்தில் எது உண்டு, எது இல்லை என்று ஒரே தாளில் குறித்தாலே பாதி வேலை முடியும். அத்தாள் அவருடைய சொத்து. அவரது ஒப்புதலின்றி வெளியே போகக் கூடாது.

இரண்டாவது, மூன்று சான்றுகளையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வழங்கும் கூட்டு முகாமைக் குடியிருப்பிலேயே நடத்துமாறு ஆட்சியரிடம் எழுத்து மூலம் கோருதல்.

மூன்றாவது, மறுக்கப்பட்ட ஒவ்வொரு மனுவுக்கும் எழுத்துப்பூர்வமான காரணத்தைக் கேட்டுப் பெறுதல். வாய்மொழி மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. காரணம் எழுத்தில் வந்தபின், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். அழைப்பாணை அனுப்பவும் ஆவணங்களை வரவழைக்கவும் உரிமையியல் நீதிமன்றத்திற்குரிய அதிகாரம் அவருக்கு உண்டு. அதன்பின் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இருக்கிறது.

நான்காவது, அறிவுசார் குறைபாடு, புறவுலகச் சிந்தனையற்ற நிலை, மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான சட்டப் பாதுகாவலர் நியமனத்தைக் கவனித்தல். தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999இன்கீழ் ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு இதைச் செய்கிறது. அக்குழுவில் பதிவு பெற்ற அமைப்பின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருக்க வேண்டும். அந்த இடங்களில் நம்மவர் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாவது, ஒவ்வொரு வன்கொடுமைப் புகாரிலும் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளியா என்ற கேள்வியையும், மாற்றுத்திறனாளி தரும் ஒவ்வொரு வன்முறைப் புகாரிலும் அவர் எந்தச் சமூகம், எதிரி அதை அறிவாரா என்ற கேள்வியையும் தவறாமல் கேட்டு எழுதுதல். கர்நூலில் அந்தப் பெண்ணுக்காகக் கேட்கப்படாமல் போன கேள்வி இதுதான்.